தோற்ற பிறகு என்ன செய்வது? டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடை மூடியாயிற்று. ஆட்குறைப்பில் வேலை போயிற்று. மகள் மேட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், தேறவில்லை. வங்கியிலிருந்து வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் வீடுகளிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தங்கியிருப்பவர்களிடமிருந்தும் வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றியே இருக்கின்றன. கூடவே ஐந்தாவதாக ஒன்று: “இதிலிருந்து நான் ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை பட்டது வீண்தானா?”

கற்றுக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காகிதம், பணம், தூக்கம். பிறகு நடந்ததைக் கணக்குப் பார்ப்பது. அதற்கும் பிறகுதான் அடுத்த முயற்சி. இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர்களே மறுபடி விழுகிறார்கள். ஆகவே முதல் கேள்வி தவிர, பாடம், வளர்ச்சி பற்றிய கேள்விகள் இங்கே பின்னால் வருகின்றன.

அடிபட்டால்தானே புத்தி வரும் என்கிறார்களே, தோல்வி தானாகவே பாடம் கற்றுத் தராதா?

தராது. 2019இல் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், ஆயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள். ஒரு சாராருக்கு “நீங்கள் சொன்னது சரி” என்றும், இன்னொரு சாராருக்கு “நீங்கள் சொன்னது தவறு” என்றும் தெரிவித்தார்கள். இரண்டே விடை என்பதால், தவறு என்று தெரிந்தாலே சரியான விடையும் தெரிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் தவறு என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றார்கள். காரணம் அறிவுக் குறைவு அல்ல. தன்மானத்தில் அடி விழுந்ததும் மனம் அந்தப் பக்கம் பார்க்க மறுக்கிறது. அடுத்தவர் தோற்பதைப் பார்த்தபோது அதே ஆட்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது: உங்கள் தோல்வியை அடுத்த வீட்டுக்காரரின் தோல்வி போல எழுதிப் பாருங்கள். எப்படி என்பது கீழே வருகிறது.

முதல் இரண்டு வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. வீட்டை விற்பது, நகையை மொத்தமாக அடகு வைப்பது, ஊருக்கே திரும்பிவிடுவது, பிள்ளையின் பள்ளியை மாற்றுவது எல்லாம் காத்திருக்கலாம். காத்திருக்கவே முடியாதவை சில உண்டு. அவை சட்டம் தேதி குறித்தவை. அடுத்த பதில்களில் அவற்றைப் பார்க்கலாம்.

ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி எடுத்து, வரும் கடிதம் எல்லாவற்றையும் பிரித்து, வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிப் போடுங்கள். பிரிக்காத உறைதான் இந்தக் காலத்தில் அதிகச் சேதம் செய்கிறது. பயத்தில் பிரிக்காமல் வைத்த கடிதத்தில் 10 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே தாளில் வீட்டுக் கணக்கு எழுதுங்கள். கையில் இருப்பது எவ்வளவு, மாதம் கட்டாயம் போவது எவ்வளவு, இரண்டையும் வகுத்தால் எத்தனை மாதம். வாடகை அல்லது வீட்டுக் கடன், சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், வேலைக்கும் பள்ளிக்கும் போக்குவரத்து, மருந்து: இவைதான் கட்டாயம். டிவி சந்தாவையும் தவணைக் கார்டுகளையும் தாளின் மறுபக்கம் தனியாக எழுதுங்கள். டெபிட் ஆர்டர்களைச் சரிபாருங்கள். கணக்கில் பணமில்லாமல் திரும்பும் ஒவ்வொரு டெபிட் ஆர்டருக்கும் வங்கி கட்டணம் பிடிக்கும். ஐந்து திரும்பினால் அதுவே ஒரு வாரக் காய்கறிக் காசு.

தூக்கம். படுக்கப் போகும் நேரம் முன்னே பின்னே இருந்தாலும் எழும் நேரம் மாறக் கூடாது. காலை ஆறு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆறு. இரவு எட்டுக்கு மேல் கடன் பேச்சு வேண்டாம். அந்தப் பேச்சுக்கு மறுநாள் பகலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் சாராயம் இருந்தால் இந்த இரண்டு வாரம் அது வேறு வீட்டில் இருக்கட்டும். குடித்தால் தூக்கம் வருவது போலத் தோன்றும், நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும்.

ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. எந்தத் தேதிகளைத் தவறவிடக் கூடாது?

நீக்கம் நியாயமற்றது என்று நினைத்தால் 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்தில் புகார் பதிய வேண்டும். படிவம் 7.11. கட்டணம் இல்லை. “கொஞ்சம் மனசு ஆறட்டும்” என்று விட்டால் இந்த 30 நாள் போய்விடும். தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் ஏற்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

ஆட்குறைப்புக்குக் குறைந்தபட்ச இழப்பீடு, முழுதாக முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம். ஒன்பது ஆண்டு பத்து மாதம் வேலை செய்தவருக்கு ஒன்பது வாரம். ஓராண்டோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் நான்கு வார முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான காசு இரண்டும் தனி. இழப்பீட்டில் வாழ்நாள் மொத்தமாக 5,50,000 ரேண்ட் வரை வருமான வரி இல்லை என்பது 2023 மார்ச் முதல் உள்ள வரம்பு. ஓய்வுக்காலத்தில் எடுக்கும் மொத்தத் தொகையும் இதே வரம்பில் சேரும். முன்னறிவிப்புச் சம்பளத்துக்கும் விடுமுறைக் காசுக்கும் வழக்கமான வரி உண்டு. கைக்கு வந்த தொகை குறைவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

யூஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதியின் பணத்துக்கு 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். யூஐ-19 படிவத்தை முதலாளி நிரப்பித் தர வேண்டும். கடைசி நாளன்றே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, கதவு மூடிய கம்பெனியில் பிறகு கையெழுத்துப் போட ஆள் இருக்காது. ஒன்றை மறக்க வேண்டாம்: நீங்களாக ராஜினாமா கொடுத்திருந்தால் யூஐஎஃப் வேலையிழப்புப் பணம் கிடையாது. “மரியாதையாக நீயே எழுதிக் கொடுத்துவிடு” என்று மேலாளர் சொல்லும்போது எவ்வளவு காசை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஓய்வூதியச் சேமிப்பைத் தொடுவது பற்றி: 2024 செப்டம்பர் 1 முதல் வந்த இரு பானை முறையில், சேமிப்புப் பானையிலிருந்து வரியாண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். எடுப்பது அந்த ஆண்டின் வருமானமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். அவசரத்துக்கு எடுக்கலாம். கார் தவணைக்காக எடுப்பது எங்கள் கணக்கில் நஷ்டம், அதைவிடக் காரைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசலாம்.

கடன் கழுத்தைப் பிடிக்கிறது. டெட் ரிவ்யூ (கடன் ஆலோசகர் வழியாகத் தவணைகளை மாற்றியமைக்கும் சட்ட முறை) போடலாமா?

2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, கடன் கொடுத்தவர் வழக்குக்குப் போகும் முன் பிரிவு 129 கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் சேர்ந்து 10 வேலை நாள் கழியும் முன் அவர் வழக்குப் போட முடியாது. அந்தப் பத்து நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. கடன் ஆலோசகரிடம் போவதோ, கொடுத்தவரிடமே நேராகப் பேசித் தவணையைக் குறைப்பதோ அதற்குள் நடக்க வேண்டும். அமலாக்க நடவடிக்கை தொடங்கிச் சம்மன் வந்துவிட்டால் அந்தக் கடனை டெட் ரிவ்யூவில் சேர்க்க முடியாது.

நிலையான வருமானம் இருந்து, தவணைகளின் கூட்டுத்தொகை மட்டும் தாங்காதவர்களுக்கு டெட் ரிவ்யூ பொருந்தும். வருமானமே இல்லாதவருக்குப் பொருந்தாது, மாதாமாதம் கட்ட ஏதாவது வேண்டுமே. முடியும்வரை புதுக் கடன் வாங்க முடியாது. எல்லாம் முடிந்ததும் கிளியரன்ஸ் சான்றிதழ் கிடைக்கும்.

பிரச்சினை வரும் இடம் இது: யாரோ தொலைபேசியில் கூப்பிட்டு “உங்கள் தவணையைப் பாதியாக்குகிறோம்” என்பார். சரி சரி என்று சொன்னவர், டெட் ரிவ்யூவில் சேர்ந்திருப்பதை மாதங்கள் கழித்துத்தான் அறிவார். ஆலோசகர் தேசியக் கடன் ஒழுங்காணையத்தில் பதிந்தவரா, பதிவு எண் என்சிஆர்டிசி என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். மாதப் பணத்தை ஆலோசகரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், பதிவு பெற்ற பட்டுவாடா நிறுவனம் வழியாகவே போக வேண்டும்.

மஷோனிசாவிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், போனவர்கள் முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கடனைத்தான், வட்டி அப்படி. ஆனால் அடையாள அட்டையையும் வங்கிக் கார்டையும் ரகசிய எண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. வங்கிக்குச் சொல்லிக் கார்டை ரத்து செய்து புதியது வாங்குங்கள்.

கடையை மூடிவிட்டோம். இனி அது முடிந்த கதைதானே?

ஷட்டரை இறக்கினால் வரித் துறையான சார்ஸில் உள்ள கணக்கு மூடாது. வாட், சம்பள வரி இரண்டுக்கும் பதிவு இருந்தால், நீங்கள் ரத்து செய்யும்வரை அறிக்கைகளை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வியாபாரமே நடக்காவிட்டாலும் பூஜ்யம் என்று போட வேண்டும், போடாத மாதங்களுக்கு அபராதம் ஏறும். கம்பெனியாகப் பதிந்திருந்தால் கம்பெனிப் பதிவகமான சிஐபிசியிலும் பதிவை நீக்க விண்ணப்பிக்க வேண்டும்.

பிறகு கடை வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கம்பெனி பெயரில் கடை இருந்தாலும் சொந்தப் பெயரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், போடாதவர்கள் அபூர்வம். மனைவியும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். மீதி மாத வாடகையை மொத்தமாகக் கேட்டால் பேரம் பேசலாம். புது வாடகைக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துவது கட்டட உரிமையாளர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் வழி.

2021 ஜூலைக் கலவரத்தில் கடை இழந்தவர்கள் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது, சாதாரணக் கடைக் காப்பீடு கலவரச் சேதத்துக்குப் பணம் தராது என்பது. அதற்கு 1979இல் அரசு தொடங்கிய சாஸ்ரியா காப்பீடு தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அடுத்த கடை தொடங்கும்போது பாலிசியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மகன் மேட்ரிக்கில் தேறவில்லை. ஒரு வருடம் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. தேற, தாய்மொழி நிலையில் எடுத்த அரசு மொழி உட்பட மூன்று பாடங்களில் 40 விழுக்காடு, இன்னும் மூன்றில் 30 விழுக்காடு வேண்டும். பட்டப் படிப்புக்குத் தகுதி பெற நான்கு பாடங்களில் 50. எந்தக் கோட்டில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்பதை முதலில் பாருங்கள். “ஃபெயில்” என்ற ஒரே சொல்லுக்குள் ஆறு மதிப்பெண் குறைந்தவரும் அறுபது குறைந்தவரும் இருக்கிறார்கள்.

கோட்டுக்கு அருகில் இருந்தால் மறுதிருத்தம் கேட்கலாம். முடிவு வந்த சில நாட்களிலேயே கெடு முடியும், கட்டணமும் உண்டு. மே, ஜூன் மாதத் தேர்வுக்குப் பதியலாம். தேறிய பாடங்களை மறுபடி எழுத வேண்டாம். கல்வித் துறை 2016இல் தொடங்கிய இரண்டாம் வாய்ப்புத் திட்டத்தில் பாட உதவி இலவசம். கைத்தொழில் பக்கம் விருப்பம் இருந்தால் டிவெட் கல்லூரியின் என்சிவி என்ற தொழிற்படிப்புக்கு ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

அதன்பின் போன வினாத்தாள்களைக் கையில் எடுங்கள். பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் கல்வித் துறை இணையதளத்தில் இலவசம். ஒன்றை எழுத வைத்து, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: தெரியவே தெரியாது என்றால் ‘தெ’, தெரிந்தும் பிழை விட்டால் ‘பி’, நேரம் போதவில்லை என்றால் ‘நே’. கணிதத்தில் ஒவ்வொரு தாளும் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடம்தான். ‘நே’ அதிகமான பிள்ளைக்கு இன்னொரு டியூஷன் வைத்துப் பயனில்லை, கடிகாரம் வைத்துத் தாள் எழுதிப் பழக வேண்டும். ‘தெ’ அதிகமானால் கடிகாரத்தை மறந்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்புங்கள், ஓட்டை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

மதிப்பெண்ணைச் சொந்தக்காரர் வாட்ஸாப் குழுவில் யாரும் கேட்டால் பெற்றோர் பதில் சொல்லட்டும், பிள்ளை சொல்ல வேண்டாம்.

“கணக்குப் பார்ப்பது” என்றால் என்ன? எப்படி எழுதுவது?

இரண்டு வகை எழுத்து உண்டு. இரண்டையும் கலக்கக் கூடாது.

முதல் வகை மனச் சுமைக்கு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் சோதித்த முறை: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் அதில் பட்ட வேதனையையும் நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப் பிழை, இலக்கணம் பார்க்க வேண்டாம், தமிழும் இங்கிலீஷும் கலந்தால் கலக்கட்டும். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் முன்பைவிடக் கனமாக இருக்கும், அது எதிர்பார்த்ததே. நான்காம் நாளுக்குப் பிறகும் அதே வரிகளையே எழுதிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், அது புண்ணைக் கிளறுவது. சாவு, வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு உடனே இதைத் தொடங்க வேண்டாம், சில வாரம் போகட்டும்.

இரண்டாம் வகைதான் பாடம் தருவது. இதில் வேதனைக்கு இடமில்லை. “நான்” என்றும் எழுதக் கூடாது, “கடைக்காரர்” என்று எழுதுங்கள். இடப்பக்கம் தேதி. அடுத்து, அந்தத் தேதியில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன. அடுத்து, என்ன முடிவு எடுத்தார். கடைசியில், என்ன நடந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது என்ன என்ற அந்த இரண்டாவது இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இன்று தெரிந்ததை அன்றே தெரிந்ததாக எழுதிவிட்டு, “எவ்வளவு முட்டாள்” என்று முடிக்கிறார்கள். அன்றைய வங்கி அறிக்கை, வாட்ஸாப் செய்தி, சரக்குப் பில் ஆகியவற்றைப் பார்த்தே எழுத வேண்டும். நினைவு நம்பத் தகுந்த சாட்சி அல்ல.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) கடையை எடுத்துக்கொள்வோம். 2023இல் மின்வெட்டு மிக மோசமாக இருந்தபோது நடத்தி மூடியது. வீட்டில் எல்லோரும் சொல்லும் காரணம் மின்வெட்டு. கணக்கு இப்படி:

வாடகை 12,000 ரேண்ட். இரண்டு ஆள் சம்பளம் 10,000. மின்சாரம், காஸ், மற்றவை 5,000. ஆக மாதம் 27,000 விற்றாலும் விற்காவிட்டாலும் போகும். நூறு ரேண்டுக்கு விற்றால் ரொட்டி, இறைச்சி, பீன்ஸ், எண்ணெய், பொட்டலம் எல்லாம் சேர்த்து 60 போய் 40 மிஞ்சுகிறது. 27,000ஐ 0.40ஆல் வகுத்தால் 67,500. மாதம் 26 நாள் கடை என்றால் நாளுக்கு ஏறக்குறைய 2,600 ரேண்டுக்கு விற்றால்தான் முதலுக்கு மோசம் இல்லை. நடந்த விற்பனை சராசரி 2,100. மாதம் 5,160 துண்டு விழுகிறது. மின்வெட்டு இல்லாத நாட்களின் விற்பனை மட்டும் எடுத்தால் சராசரி 2,400. அப்போதும் மாதம் 2,040 துண்டு.

ஆக, மின்வெட்டு நஷ்டத்தைப் பெருக்கியது, நஷ்டத்தை உண்டாக்கவில்லை. அந்தத் தெருவில் அந்த வாடகைக்கு அந்த விலை தாங்காது. மின்வெட்டுதான் காரணம் என்று நம்பியவர், மின்வெட்டு தணிந்ததும் அதே தெருவில் அதே விலைக்கு மறுபடி கடை போடுவார். கணக்குப் போட்டவர் கடையைத் திறக்கும் முன்பே நாள் விற்பனை எவ்வளவு வேண்டும் என்று கேட்பார். கஷ்டத்தால் வந்த வளர்ச்சி என்று நாங்கள் சொல்வது இந்த ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கத் தெரிவதைத்தான். பெரிய ஞானோதயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாமே என் தவறா? சிலவற்றுக்கு யாரும் பொறுப்பில்லையே?

உண்மை. கணக்கு எழுதியபின் ஒவ்வொரு வரியையும் “முடிவு” (நீங்கள் எடுத்தது), “நேரம்” (உங்கள் கையில் இல்லாதது) என்று பிரியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நட்டாலில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள், வீடுகள் சரிந்தன. அந்த மழை யாருடைய முடிவும் அல்ல. மழைக்கு முன் காப்பீட்டுத் தவணையை நிறுத்தியது முடிவு. அதுவும் அப்போது பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக நிறுத்தியதாக இருந்தால், அன்று தெரிந்ததை வைத்து அது நியாயமான முடிவாகவே இருக்கலாம். விளைவு கெட்டதாலேயே முடிவு கெட்டது ஆகிவிடாது. நேர்மாறும் உண்டு: குருட்டு அதிர்ஷ்டத்தில் தப்பித்த கெட்ட முடிவுகளையும் எழுதுங்கள். அவைதான் அடுத்த முறை கடிக்கும்.

ஏழரைச் சனி நடக்கிறது என்கிறார்கள். கோயிலுக்கு வேண்டிக்கொண்டால் போதுமா?

நம்பிக்கை உங்களுடையது, அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வோம்: “இன்னும் இரண்டரை வருஷம் எதுவும் ஒத்துவராது” என்று கேட்டவர் சார்ஸ் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தால், அபராதத்தைக் கட்டப்போவது சனி பகவான் அல்ல.

கோயிலால் வேறொரு நன்மை நிச்சயம் உண்டு. வேலை போனவர் முதலில் இழப்பது காலையில் எழுந்து போக ஓரிடம், தன்னை எதிர்பார்க்கும் நாலு பேர். தைப்பூசக் காவடிக்கான விரத நாட்களிலும், ஆடி மாத மாரியம்மன் கூழ் ஊற்றலிலும் அந்த இரண்டும் திரும்பக் கிடைக்கின்றன. அண்டா கழுவ, காய் நறுக்க, பந்தி பரிமாற ஆள் எப்போதும் தேவை. பணமாக நேர்ந்துகொள்வதை இந்த ஆண்டு உழைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். கடன் வாங்கி நேர்த்திக்கடன் செலுத்துவது வேண்டாம்.

சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டுக்குப் போகவே கூசுகிறது.

சொல்ல வேண்டியவர்கள் மூன்று வட்டம். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு எண்களோடு முழுசாகச் சொல்ல வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட, “அப்பாவுக்கு வேலை இல்லை, இந்த மாதம் வெளியே சாப்பிட மாட்டோம், வீடும் பள்ளியும் அப்படியேதான் இருக்கும்” என்ற அளவுக்குத் தெரிய வேண்டும். சொல்லாவிட்டால் குழந்தை இதைவிட மோசமானதைக் கற்பனை செய்யும். கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கு அவர்கள் கேட்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள், தேதியும் தொகையும் சொல்லுங்கள், சிறிதாக இருந்தாலும் அந்தத் தேதியில் கொடுங்கள். மாதம் 300 ரேண்ட் தவறாமல் கொடுப்பவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. மூன்றாம் வட்டத்துக்கு ஒரு வரி போதும்: “ஆமா மாமா, கடையை மூடிட்டோம், இப்ப வேற வேலை பார்த்துட்டிருக்கேன்.” அதற்கு மேல் துருவினால் அவருடைய பிள்ளைகளை விசாரியுங்கள், பேச்சு தானாகத் திரும்பிவிடும்.

சீட்டில் இருந்தால், கட்ட முடியாத மாதத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அங்கே போகும் பெயர் வங்கியில் போகும் பெயரைவிட மெதுவாகத்தான் திரும்பும்.

“எல்லாம் நன்மைக்கே” என்று ஆறுதல் சொல்லலாமா?

அடிபட்டவர் தானே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லாதீர்கள். துயரத்துக்குப் பின் மனிதர்கள் எந்த வகையில் மாறுகிறார்கள் என்பதை டெடெஸ்கி, கல்ஹூன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1996இல் ஐந்து தலைப்பில் அளந்தார்கள்: உறவில் நெருக்கம், புது வழிகள், தன் பலம் தெரிவது, ஆன்மிகம், வாழ்க்கையின் அருமை. பலருக்கு இவை வருகின்றன. ஆனால் 2009இல் வந்த ஓர் ஆய்வு, ஒரே ஆட்களைச் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தபோது, “நான் வளர்ந்துவிட்டேன்” என்று அவர்கள் சொன்னதும் அளவையில் தெரிந்த மாற்றமும் பெரும்பாலும் பொருந்தவில்லை என்று காட்டியது. வளர்ந்துவிட்டேன் என்று சொல்வது சில நேரம் வலி தாங்கும் வழி. அதில் குற்றமில்லை. ஆனால் அதை அடுத்தவர்மேல் கடமையாக ஏற்றினால், அவர் இரண்டு முறை தோற்றதாக உணர்வார்.

முன்னோர் பட்ட பாட்டைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரலாமா?

தரலாம், அளவுகோலாக மட்டும் காட்டக் கூடாது. “தாத்தாவின் தாத்தா கரும்புத் தோட்டத்தில் பட்டதற்கு முன் உன் மேட்ரிக் என்ன பெரிய கஷ்டம்” என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று விவரமாகச் சொன்னால் கதை வேறு. 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஐந்தாண்டு முடிந்ததும் தங்க நினைத்தவர்களுக்கு 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி போடப்பட்டது, 1914 வரை அது இருந்தது. ஒப்பந்தம் முடித்தவர்கள் பலர் சிறு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு, கூடையில் சுமந்து விற்றார்கள். பிற்காலத்தில் டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வாழிடச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டவர்கள் சாட்ஸ்வர்த்தில் கோயிலையும் சங்கத்தையும் மறுபடி கட்டினார்கள். ஆயா (பாட்டி) உயிரோடு இருந்தால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அந்த முதல் வருஷம் வீட்டுச் செலவு எப்படி ஓடியது?” என்று கேட்கச் சொல்லுங்கள். வீரக் கதையைவிட அந்தக் கணக்கு பிள்ளைக்கு உதவும். தோற்றுப்போனவர்களும் இருந்தார்கள், திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அதையும் மறைக்க வேண்டாம்.

மறுபடி எப்போது முயலலாம்? எப்படி?

கணக்கு எழுதி முடிந்து, அதை வீட்டுக்கு வெளியே ஒருவர் படித்துக் கேள்வி கேட்டு, நீங்கள் கோபப்படாமல் பதில் சொல்ல முடிந்த பிறகு. அந்த ஒருவர் உங்களைப் பாராட்டும் நண்பராக இருக்கக் கூடாது. அதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர் நல்ல தேர்வு.

முதல் முயற்சி, தோற்றாலும் வீடு ஆடாத அளவில் இருக்க வேண்டும். மறுபடி சாப்பாட்டுக் கடைதான் என்றால் வாடகைக் கடை வேண்டாம். எட்டு சனிக்கிழமை வீட்டிலிருந்து முன்பதிவு எடுத்துச் செய்து பாருங்கள், உள்ளாட்சி அனுமதி என்ன வேண்டும் என்று முதலில் விசாரித்துவிட்டு. தொடங்கும் முன்னே இரண்டு எண்ணை எழுதி வீட்டாரிடம் கொடுங்கள்: எத்தனை ரேண்டுக்கு மேல் போடமாட்டேன், எந்தத் தேதியில் நிறுத்திப் பார்ப்பேன். நடுவில் எழுதும் எண் செல்லாது, நடுவில் எல்லோரும் நம்பிக்கையின் பக்கம் சாய்வார்கள்.

பழைய வழக்கத்தை மாற்ற “இனி கவனமாக இருப்பேன்” உதவாது. “சரக்குக்காரர் கடனுக்குத் தருகிறேன் என்றால், நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்வேன்” என்பது உதவும். எது நடந்தால் என்ன செய்வேன் என்று ஒரு வாக்கியத்தில் முன்கூட்டியே முடித்துவைப்பது, அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய சுமையைக் குறைக்கிறது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கவலையோ எதிலும் நாட்டமின்மையோ, நாள் முழுக்க, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரம் நீடித்தால். தூக்கம், பசி, வேலை செய்யும் தெம்பு கெட்டால். பாடம் எழுதும் வேலையெல்லாம் அப்போது ஒதுக்கி வைக்கலாம், அந்த நிலையில் எழுதினால் எல்லா வரியும் சுய நிந்தனையாகத்தான் வரும். அரசு கிளினிக்கிலேயே பரிசோதனை தொடங்கலாம்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, “நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி” என்றாலோ, திடீரென்று பொருள்களைப் பங்கிட்டுக் கொடுத்தாலோ அன்றே செயல்படுங்கள். “தற்கொலை பற்றி நினைக்கிறாயா?” என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சி மருந்து, துப்பாக்கி எல்லாம் வீட்டைவிட்டு வெளியே போகட்டும். எஸ்ஏடிஏஜி என்ற மனநல அமைப்பின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567, இலவசம். மேட்ரிக் முடிவு வரும் ஜனவரி வாரத்தில் இந்த எண் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கட்டும், உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும்.

கணக்கு எழுதிய நோட்டையெல்லாம் என்ன செய்வது?

நான்கு நாள் வேதனை எழுதிய தாள்களைக் கிழித்துப் போடலாம், யாரும் படிக்க வேண்டியதில்லை. தேதி, முடிவு, விளைவு எழுதிய நோட்டைப் புது முயற்சி தொடங்கும் நாளிலும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் எடுத்துப் பாருங்கள். பில், வங்கி அறிக்கை, வரித் தாள்களை மட்டும் கோபத்தில் கொளுத்திவிட வேண்டாம். அறிக்கை கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவற்றை வைத்திருக்கச் சொல்கிறது சார்ஸ்.